பத்து லாப ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஆப்ஷன்ஸ்ல இறங்கலாமா?

போன வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எங்க டெலிகிராம் குரூப்ல தினமும் பத்துப் பேராவது லாப ஸ்கிரீன்ஷாட் போடறாங்க. ரெண்டு லட்சம் பர்சனல் லோன் எடுத்து ஆப்ஷன்ஸ்ல இறங்கலாமா?"

லோனைக் கடைசியில பார்ப்போம். முதல்ல, அந்தப் பத்துப் பேர் யாரு?

நமக்குத் தெரிய வேண்டியது எஃப் அண்ட் ஓ பண்ற எல்லாரோட நிலைமை. புள்ளியியல்ல இதுக்கு முழுமைத்தொகுதின்னு பேர். எல்லாரையும் கேட்க முடியாது, அதனால கொஞ்சம் பேரை எடுக்கிறோம். அதுதான் சாம்பிள், ஸ்கூல் புத்தகத்தில 'கூறு'. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா பானையைக் கிளறியிருக்கணும்.

உங்க ஆபீஸ்ல 200 பேர்னு வெச்சுக்குவோம். ஆளுக்கு எவ்வளவு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்குன்னு 20 பேரிடம் கேட்கப் போறீங்க. டீ குடிக்கிற கூட்டத்தை மட்டும் கேட்டா அது வசதிக்கு எடுத்த சாம்பிள். 200 பேரையும் சீட்டில எழுதிக் குலுக்கி எடுத்தா சமவாய்ப்பு முறை. பட்டியல்ல ஒவ்வொரு பத்தாவது பேரையும் எடுக்கலாம், அதுவும் ஒரு முறை. டெவலப்பர் 120, டெஸ்டர் 60, மேனேஜர் 20 பேர்னா, ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கி 12, 6, 2 என்று எடுப்பது படுகை முறை. சம்பளம் பிரிவுக்குப் பிரிவு மாறும்போது எனக்குப் பிடிச்சது இதுதான்.

டெலிகிராம் குரூப்ல இதுல எதுவுமே நடக்கலை. லாபம் பார்த்தவர் தானா முன்வந்து போடறார். நஷ்டப்பட்டவர் சும்மா இருக்கார், ரொம்ப அடிபட்டவர் குரூப்பை விட்டே போயிட்டார். (நம்ம சேனல்ல நான் நடத்துற வாக்கெடுப்புலயும் இதே ஓட்டைதான். விருப்பப்பட்டவங்கதான் ஓட்டுப் போடறீங்க.)

'பத்துக்குப் பதிலா ஆயிரம் ஸ்கிரீன்ஷாட் பார்த்தா?' அப்பவும் சரியாகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தல்ல லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்புச்சு. டெலிபோன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல் மாதிரி இடங்கள்ல இருந்துதான் பெயர்களை எடுத்தாங்க. 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்தது. லேண்டன் ஜெயிப்பார்னு சொன்னாங்க. ஆனா 48 மாநிலத்தில 46-ஐ ரூஸ்வெல்ட் ஜெயிச்சார். பெரிய சாம்பிள், ஆனா ஒரு பக்கம் சாய்ஞ்ச சாம்பிள்.

இப்போ செபி பண்ணதைப் பாருங்க. அவங்க யாரையும் 'லாபமா, நஷ்டமா'ன்னு கேட்கலை. கேட்டா நாம பிரோக்கரேஜ், வரி எல்லாம் விட்டுட்டுத்தான் சொல்லுவோம், நஷ்டமான மாசத்தை மறந்தும் போவோம். கணக்குப் பதிவுகளையே எடுத்தாங்க. 2023 ஜனவரியில வந்த ஆய்வு முதல் 10 புரோக்கர்களோட வாடிக்கையாளர்களை மட்டும் பார்த்தது. தனிநபர் எஃப் அண்ட் ஓ டர்னோவர்ல 67% அவங்ககிட்ட. 2021-22ல 89% பேருக்கு நஷ்டம். சின்ன புரோக்கர்கள் விட்டுப்போச்சேன்னு நீங்க கேட்டா, நியாயமான கேள்விதான். 2024 செப்டம்பர் ஆய்வு 1 கோடிக்கும் மேலான தனிநபர்களை மூணு வருஷத்துக்குப் பார்த்தது. செலவெல்லாம் சேர்த்து 93% பேருக்கு நஷ்டம், சராசரியா ஆளுக்குச் சுமார் 2 லட்சம். 1 லட்சத்துக்கு மேல சம்பாதிச்சவங்க 1% மட்டும்.

அந்த 2 லட்சத்தையும் கொஞ்சம் கவனமா படிக்கணும். நஷ்டப்பட்டவங்கள்ல மேல இருக்கிற 3.5% பேர் சராசரியா 28 லட்சம் விட்டிருக்காங்க, சராசரியை அவங்க மேல இழுத்திருக்காங்க. சாதாரண ஆளோட நஷ்டம் அதைவிடக் குறைவா இருக்கலாம். ஆனா 93% என்கிற எண் இதனால மாறாது.

தம்பி, குரூப் மெம்பர் பட்டியல்ல இருந்து 20 பேரைக் குலுக்கி எடுங்க. போன நிதியாண்டோட முழு பி அண்ட் எல் ரிப்போர்ட்டைக் கேளுங்க, ஒரு நாள் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். எத்தனை பேர் பதிலே போடலைன்னும் எண்ணி வெச்சுக்குங்க. அதுவரைக்கும் லோன் அப்ளிகேஷனை மூடி வையுங்க.