அசதியைக் கேட்டு எழுது

அன்பு பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேர் பிளானைப் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, கட்டமெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாய். ஆனால் பேஷண்ட் பெயரை மட்டும் மாற்றினால், ஊரில் இருக்கிற ரத்தசோகைக் கேஸ் எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டிவிடலாம். உங்கள் மேடம் சிவப்பு மையில் சுழித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உன் பேஷண்டுக்கு வயது 38, களையெடுக்கப் போகிறவர், ஹீமோகுளோபின் 5.8, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இவ்வளவும் கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. நீ சேர்த்தது, ‘களைப்பு உள்ளது, ஓய்வு தேவை’ என்ற வரி மட்டும்தான். எந்த வேலை செய்தால் களைப்பு? காலையிலா, சாயங்காலமா? உட்கார்ந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? போன வருஷம் முடிந்து, இப்போது முடியாமல் போன வேலை எது? இதையெல்லாம் அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ‘குடம் தூக்க முடியலை, தலை சீவக் கை தூக்கினாலே படபடன்னு வருது’ என்று சொல்வார். அதை அப்படியே எழுது. நாளைக்குத் தலை சீவ முடிந்ததா என்று பார்த்தால், அதுதான் உன் மதிப்பீடு.

பெண்கள் அசதியைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் இப்படியே இருக்கும்போது, அவர்களுக்கு அது வியாதியாகத் தோன்றுவதே இல்லை. ‘வேலை செஞ்சா அசதி வராதா சிஸ்டர்?’ என்று உன்னையே திருப்பிக் கேட்பார்கள்.

அடுத்தது, ‘ஆக்ஸிஜன் அளவு 99, நார்மல்’ என்று எழுதி டிக் போட்டிருக்கிறாயே, அது. ஹீமோகுளோபினைப் பஸ்ஸாகவும் ஆக்ஸிஜனைப் பயணியாகவும் நினைத்துக்கொள். பத்து பஸ் ஓட வேண்டிய ரூட்டில் நாலுதான் ஓடுகிறது. அந்த நாலிலும் சீட் நிறைந்திருக்கிறது. விரலில் மாட்டுகிற கருவி, சீட் நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். பஸ் எத்தனை என்று அதற்குத் தெரியாது. அதனால் 99ஐ நம்பாமல் நாடியைப் பார். படுத்திருக்கும்போது எவ்வளவு, பாத்ரூம் போய்வந்ததும் எவ்வளவு, சில நிமிஷத்தில் பழைய நிலைக்கு இறங்குகிறதா? இறங்கவில்லை என்றால் அந்த நடை இப்போதைக்கு அதிகம். பெட் பேன் வை, இல்லாவிட்டால் பாத்ரூம் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றச் சொல். எழும்போது முதலில் கால் தொங்கப்போட்டு உட்காரட்டும், பிறகு நிற்கட்டும். நின்றதும் பி.பி. மேல் அளவு 20 இறங்கினால், துணைக்கு ஆள் இல்லாமல் நடக்க விடாதே. சோகையோடு வந்தவர் இடுப்பெலும்பு முறிந்து போகக் கூடாது.

‘ஓய்வு கொடுக்க வேண்டும்’ என்பதை எப்படிக் கொடுப்பாய்? காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க ஒருவர், ஏழுக்கு டெம்பரேச்சர் பார்க்க ஒருவர், எட்டுக்கு ரவுண்ட்ஸ், நடுவில் பெருக்க வருகிறவர். வார்டில் நோயாளியைத் தூங்க விடாதவர்களே நாம்தான். செய்ய வேண்டியதைச் சேர்த்து முடித்துவிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் யாரும் தொடாத நேரம் என்று பிளானில் மணி போட்டு எழுது.

ஒரு யூனிட் ரத்தம் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? நாள்பட்ட சோகைக்காரருக்கு இதயம் ஏற்கெனவே ஓடி ஓடிக் களைத்திருக்கும். வேகமாக விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பெயர், நம்பர், குரூப் எல்லாவற்றையும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிஷம் கட்டிலை விட்டு நகராதே. நாலு மணி நேரத்துக்குள் பை முடிய வேண்டும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, தடிப்பு, மூச்சுத் திணறல், எது வந்தாலும் முதலில் ரத்தத்தை நிறுத்து, டாக்டரைக் கூப்பிடுவது அதற்கப்புறம்.

‘டிஸ்சார்ஜுக்குள் ஹீமோகுளோபின் 12 ஆகும்’ என்று இலக்கு எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான் ஏறும். இரும்புச்சத்து மாத்திரையில் மூன்று, நாலு வாரத்துக்கு இரண்டு கிராம் ஏறினாலே நல்ல பலன். அளவு சரியான பிறகும் மூன்று மாதம்போல மாத்திரை தொடர வேண்டும், உடம்பில் இருப்பு சேர.

அந்த மாத்திரைதான் பெரிய பாடு. மலம் கறுப்பாகப் போகும், வயிறு கட்டும் என்று முன்னாலேயே சொல்லாவிட்டால், வீட்டுக்குப் போய்ப் பயந்து பரணில் போட்டுவிடுவார்கள். டீயோடு விழுங்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் பாலும் அப்படித்தான். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. குமட்டினால் டாக்டரைக் கேட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொல். சத்து கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும், போடாமல் இருப்பதற்கு அது மேல். மாதுளையும் பீட்ரூட்டும் ரத்தம் ஊறவைக்கும் என்று காசைக் கரைக்க வேண்டாம். கறி சாப்பிடுகிற வீடென்றால் ஈரல், சுவரொட்டி. இல்லையென்றால் முருங்கைக்கீரை, பயறு. அதையும் அவர் தட்டில் யார் வைப்பார்கள்? கடைசியில் உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் அவர். டயட் பேச்சை அவரிடம் மட்டும் பேசாதே, பார்க்க வருகிற புருஷனையும் மாமியாரையும் நிற்க வைத்துப் பேசு.

எல்லாவற்றுக்கும் மேலே, ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டாயா? உன் பிளானில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போகிறதா? மூலம் உண்டா? வயலில் வெறுங்காலோடு நிற்கிறாரா? கொக்கிப்புழு அப்படித்தான் ஏறுகிறது. பச்சரிசி, மண், சாம்பல் என்று எதையாவது மெல்லத் தோன்றுகிறதா? இதை ஸ்கிரீன் போட்டு, மெதுவான குரலில் கேள். பக்கத்துக் கட்டில் காதுக்குப் போனால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஓட்டையை அடைக்காமல் எத்தனை பை ஏற்றினாலும் ஆறு மாதத்தில் அதே வார்டுக்கு வந்து நிற்பார்கள். கேட்டதை எழுதியதோடு விடாமல் டியூட்டி டாக்டர் காதிலும் போடு.

நாளைக்குப் போனதும் பேனாவை மூடிவைத்துவிட்டு அந்த அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் ஸ்டூல் போட்டு உட்கார். பிறகு பிளானைப் புதிதாக எழுதி எனக்கு அனுப்பு. அப்படியே காலேஜில் உன் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள். காலையில் டீயும் பிஸ்கட்டுமாக ஓடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ரிப்போர்ட்டையும் சேர்த்தே அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா