சொல்பவர் யார் என்று பார்

பெரியதாழை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. அப்பாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. குத்திய இடத்தில் திருக்கை முள்ளின் நுனி முறிந்து உள்ளேயே கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்து, காயத்தைக் கழுவி, ரணஜன்னி ஊசியும் போட்டு அனுப்பினார்கள். இனி நீ கவலைப்பட வேண்டாம்.

அன்று விடுதியிலிருந்து நீ அனுப்பிய மூன்று காணொளிகளையும் உன் அம்மா என்னிடம் காட்டினாள். ஐஸ் வை என்றது ஒன்று. சிறுநீர் ஊற்று என்றது இன்னொன்று. வெந்நீரில் காலை வை என்றது மூன்றாவது. மூன்றாவதுதான் சரி. திருக்கையின் விஷம் புரதத்தால் ஆனது. சூடு பட்டால் வீரியம் குறையும். பொறுக்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை காலை வைத்திருந்தால் வலி தணியும். குத்துப்பட்ட கால் மரத்துப் போயிருக்கலாம். அதனால் நல்ல காலில் சூடு பார்த்த பிறகுதான் அதை வைக்க வேண்டும். அதோடு ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும், உள்ளே முள் இருக்கிறதா என்று பார்க்க.

மூன்றும் ஒரே மாதிரிதான் பேசின. மூன்றிலும் படம் தெளிவு, குரல் உறுதி. எது சரி என்று நீ எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகள் கணினியில் என்னென்ன தேடுகிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரிந்தது. மாதவிடாய் தள்ளிப்போவது, முகப்பரு, முடி கொட்டுவது, எடை, தூக்கம் வராமை, காதல் முறிந்த பிறகு வரும் நெஞ்சுப் படபடப்பு. வீட்டில் கேட்க வெட்கம், மருத்துவரிடம் கேட்கப் பயம், போனிடம் கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ஒதுக்கிடம் உங்கள் வயதுக்குத் தேவை. தேடாதே என்று சொல்கிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தேடும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 25 பேர். பள்ளிகளில் பிள்ளைகளைச் சீண்டித் துன்புறுத்துவது பற்றி இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையப் பக்கங்களைக் காட்டி, எது நம்பத் தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கி 60,000க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உறுப்பினர்களாகக் கொண்டது. மற்றது 2002இல் கொள்கைச் சண்டையில் அதிலிருந்து பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே நல்லது என்றார்கள். பக்கம் அழகாக இருந்தது, அடிக்குறிப்புகள் இருந்தன, விளம்பரம் இல்லை. அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்கள் தடுமாறவில்லை. அவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே உட்காரவில்லை. சில நொடிகளில் வெளியேறி, பக்கத்தில் வேறு சாளரங்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய வித்தை.

ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்து அதை எடைபோட முடியாது. உன் மூன்று காணொளிகளுக்கும் இதைச் செய்திருந்தால், வெந்நீரைச் சொன்னவர் பேசியதையே அரசு மருத்துவத் தளங்களும் நச்சுயியல் நூல்களும் சொல்வதை ஐந்து நிமிடத்தில் பார்த்திருப்பாய். சிறுநீருக்கு அப்படி ஒரு துணையும் கிடைத்திருக்காது.

அடுத்ததைச் சொல்ல நம் கடலுக்கே வருகிறேன். முத்துக்குளிப்புக் காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தது உனக்குத் தெரியுமா? சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, எடுக்கும் முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரம் போடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதிவைத்தார். இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்காதபடி மாலையில் மந்திரத்தை அவிழ்த்தும் விடுவார்களாம். ஆங்கிலேயர் காலத்துத் தூத்துக்குடி முத்துக்குளிப்பிலும் கடல்கட்டி இருந்ததை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். முத்துக்குளிப்பில் சுறாவால் ஆள் போனது அரிதாகவே நடந்திருக்கிறது. அரிதாக நடப்பது நடக்காமல் போன ஒவ்வொரு நாளும் பெயர் கடல்கட்டிக்கு. சளி, பரு, வயிற்றுக் கோளாறு, சுளுக்கு எல்லாம் பெரும்பாலும் தானாகவே சரியாகிற உபாதைகள். இடையில் யாருடைய கஷாயத்தைக் குடித்தாயோ பெயர் அவருக்குப் போகும், பங்கும் போகும்.

ஆகவே பங்கு யாருக்கு என்று கேள். நம் உடன்குடிக் கருப்பட்டியையே எடுத்துக்கொள். சர்க்கரை நோய்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று இணையத்தில் எத்தனை பக்கங்கள்! அவற்றில் பல கருப்பட்டி விற்கும் கடைகளின் பக்கங்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். ரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். நம் ஊர்ப் பண்டத்தைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் சர்க்கரை நோயுள்ள ஆச்சியின் காப்பியில் அது போகக்கூடாது என்று அம்மாவிடம் நீயும் சொல்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. வழுக்கையைப் போக்கும், உயரத்தைக் கூட்டும், நினைவாற்றலைப் பெருக்கும் என்றெல்லாம் எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று மருந்து விதிகளின் அட்டவணை ஒன்றும் பட்டியலிடுகிறது. பரீட்சை நேரத்தில் உன் போனில் வரும் விளம்பரங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்.

மனதைப் பிசையும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, எடை குறையும் என்று காணொளியில் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம், அதாவது போராக்ஸ், வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனாள். உன் வயதுப் பிள்ளை. வெங்காரம் சித்த மருத்துவத்தில் இருக்கிற சரக்குதான். ஆனால் அங்கே சுத்தி உண்டு, அளவு உண்டு, நாடி பார்த்துக் கொடுக்கும் மருத்துவர் உண்டு. காணொளியில் சரக்கின் பெயர் மட்டும் வந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் இன்னொரு பெண், இணையத்தைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ரத்தப்போக்கில் போய்ச்சேர்ந்தாள். பிழைத்தவர்கள்தான் காணொளி போடுகிறார்கள், மருமகளே. போனவர்கள் வந்து மறுப்புச் சொல்வதில்லை. அவர்களை நீதான் தேடிப் போக வேண்டும். “வெங்காரம் எடை குறைய” என்று தேடினால், குறையும் என்பவர்கள்தான் வரிசையாக வருவார்கள். “வெங்காரம் நச்சு”, “போராக்ஸ் சிறுநீரகம்” என்றும் ஒருமுறை தேடு. எதை நம்ப ஆசைப்படுகிறாயோ அதற்கு எதிரான கேள்வியைப் போடாமல் எதையும் வாயில் வைக்காதே.

வீண் பயத்தையும் தேடல் தரும். தலைவலி என்று தேடினால் இணையம் மூளைக்கட்டியில் கொண்டுபோய் நிறுத்தும். இதை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ரயன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008இல் அளந்தே பார்த்தார்கள். காப்பியை நிறுத்தியதால் வரும் தலைவலியும் மூளைக்கட்டியும் தேடல் முடிவுகளில் ஏறக்குறைய சம அளவில் வந்தன. நிஜத்தில் மூளைக்கட்டி மிக மிக அரிது. பக்கங்களின் எண்ணிக்கை நோயின் வாய்ப்பைக் காட்டாது. இரவு பதினொரு மணிக்கு மேல் நோய்களைத் தேடுவதை நிறுத்திவிடு.

இன்னொன்று, நம் கரைக்காரர்களுக்கு இது முக்கியம். கடல்பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் தேடினால், ஆஸ்திரேலியப் பக்கங்கள் அதற்கான விஷமுறிவு மருந்து உண்டு என்று சொல்லும். அங்கே உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு தரைப்பாம்புகளுக்கானது, கடல்பாம்புக்கு அல்ல. சரியான தகவலும் இடம் மாறினால் தவறாகிவிடும். வலையில் கை வைத்தவருக்குக் கடி வலிக்காமலே இருக்கலாம். சில மணி நேரம் கழித்துத் தசை வலி, இமை சரிவு, பழுப்பாகச் சிறுநீர் என்று வரும். அதுவரை காத்திருக்காமல், மூச்சுக்கும் சிறுநீரகத்துக்கும் சிகிச்சை தரக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். இதை அப்பாவின் போட்டில் போகிற எல்லோருக்கும் நான் சொல்லிவிட்டேன். நீ தம்பிக்குச் சொல்.

சாட்ஜிபிடியிடமும் கேட்கிறீர்கள் என்று தெரியும். கேளுங்கள். தெரியாத மருத்துவச் சொல்லை எளிய தமிழில் விளக்க அது உதவும். ஆனால் இல்லாத ஆய்வை இருப்பதாகவும் அதே பணிவோடு சொல்லும். ஆதாரம் கேட்டு, அது தரும் இணைப்பைத் திறந்து, அங்கே அந்த வரி உண்மையிலேயே இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். மாத்திரை அளவை மட்டும் அதனிடம் கேட்காதே.

தேடிக் கண்டதை ஒளிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோ. என்ன உபாதை, எப்போதிருந்து, என்ன சாப்பிட்டாய், இணையத்தில் என்ன படித்துப் பயந்தாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் கூட்டத்திலும் பேச்சு உருப்படியாக நடக்கும். நேரில் போக முடியாத அன்று அரசின் மருத்துவ உதவி எண் 104ஐ அழை, தமிழில் பேசலாம். உன் அறைத்தோழி தூங்காமல் அழுகிறாள், சாப்பாட்டை ஒதுக்குகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்காக நீ காணொளி தேட வேண்டாம். மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416; இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசுவார்கள். அவள் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நீயே எண்ணை அழுத்திக் கொடு. மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போ. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் மாமாவிடம் கேள்.

அன்புடன்,
மாமா