கடையை அடைத்த பின்னும் அடையாத கடை

சகோதர வணிகர்களே,

பந்திங் பட்டணத்தில் இரவானால் நம்மவர் கடைகளின் கதவு இறங்குகிறது, கல்லா பூட்டப்படுகிறது, விளக்கும் அணைகிறது. ஆனால் நம் சட்டைப் பையிலே இன்னொரு கடை திறந்தே கிடக்கிறது. கிள்ளானிலிருந்து சரக்குக்காரர் விலை அனுப்புகிறார். வாடிக்கைக்காரர் நாளைய சாப்பாட்டுக்குச் சொல்லி வைக்கிறார். பதில் எழுதி நாம் நிமிர்வதற்குள், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வந்த பிள்ளை காத்திருந்து தூங்கிவிடுகிறது. இந்த நஷ்டத்தை எழுத நம் பேரேட்டில் பத்தி இல்லை.

கைப்பேசி இன்றி இன்று வியாபாரம் இல்லை என்பதை நாம் மறுக்கவில்லை. அதைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. அதற்கும் அடைக்கும் நேரம் ஒன்று வேண்டும் என்பதே நாம் சொல்வது.

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். 2022ஆம் ஆண்டில் அவ்வூரார் கூடி ஒரு முடிவு செய்தனர். மாலை 7 மணிக்கு ஊர்ச் சங்கு ஒலித்தால் கைப்பேசியும் தொலைக்காட்சியும் ஓய வேண்டும், 8.30 வரை பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் பேசியிருக்க வேண்டும். கொரோனா காலத்தில் கைப்பேசி வழியே பாடம் படித்த பிள்ளைகள் பின்னர் அதை விட முடியாமல் தவித்ததே இதற்குக் காரணம். தனியொருவரால் ஆகாததை, ஊரார் ஒரே நேரத்தில் சேர்ந்து தொடங்கினர். இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

நமக்கு வேறு சங்கு எதற்கு? மஃரிப் பாங்கு இருக்கிறதே! அதிலிருந்து இஷா வரை ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விடவும், தொழுகை முடிந்தபின் மீண்டும் பிழைப்பைத் தேடிச் செல்லவும் திருக்குர்ஆன் ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10ஆம் வசனங்கள் பணிப்பதை நாம் அறிவோம். நிறுத்துவதும் பிறகு தொடர்வதும் நமக்குப் புதிதல்ல.

"அந்நேரம் கடையில் கூட்டமாயிற்றே!" என்பீர்கள். வழி உண்டு.

1. கடைக்கென ஒரு கைப்பேசியும் தனி எண்ணும் வைப்போம். கியூஆர் பணம் வந்ததா என்று கடையில் நிற்பவர் அதில் பார்க்கட்டும். அது கடையிலேயே தங்கட்டும்.

2. வாட்சாப் பிஸ்னஸ் செயலியில், குறித்த நேரத்தில் வரும் செய்திக்குத் தானாகவே பதில் போகும்படி எழுதி வைக்கலாம். "இஷாவுக்குப் பின் பதில் தருகிறோம்" என்றால் போதும்; நல்ல வாடிக்கைக்காரர் கோபிக்கமாட்டார்.

3. அவசரத்திற்கு அஞ்ச வேண்டாம். "தொந்தரவு செய்யாதே" அமைப்பில், வீட்டாரின் எண்கள் மட்டும் ஒலிக்குமாறு வைக்கலாம். ஒருவரே உடனடியாக மறுமுறை அழைத்தால் ஒலிக்கவும் வழி உண்டு.

4. பங்காளிகளும் கடை ஆட்களும் முறை போட்டுக்கொண்டு, வாரத்தில் இரண்டு மாலையாவது ஒவ்வொருவரும் வீட்டில் இருப்போம்.

பெரியவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைத் தடுத்தால் அச்சொல் ஏறாது. ஆகவே முதலில் நம்முடையதை அலமாரியில் வைப்போம். ஒன்றேகால் மணி நேரத்தில் கைவிட்டுப்போகும் வியாபாரம் சொற்பம். அந்நேரத்தில் நம் மடிக்கு வரும் பிள்ளை நாளை வளர்ந்துவிடும். இவ்வாரமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.