வேகம் கூடினால் திரும்பிக்கொள்ளும் கண்ணாடி

கேள்வி: பைக்கில் எழுபதைத் தாண்டினால் வலப்பக்கக் கண்ணாடி தானாகத் திரும்பிவிடுகிறது. புதிதாக மாற்ற வேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டுக் காசைக் கொட்டாதீர்கள். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை அசைத்துப் பாருங்கள். தண்டோடு சேர்ந்து ஆடுகிறதா, தலை மட்டும் ஆடுகிறதா? வைத்தியம் இதைப் பொறுத்தது.

தண்டு ஆடினால் செலவே இல்லை. அடியில் ரப்பர் உறை இருந்தால் மேலே தள்ளுங்கள். லாக் நட் தெரியும். பல வண்டிகளுக்கு 14-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். நட்டைத் தளர்த்தி, தண்டு மரையில் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பின்னால் வரும் சாலை தெரியும்படி திருப்பி வைத்து, ஒரு கையால் தண்டைப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். பிடிக்காவிட்டால் கண்ணாடியும் கூடவே சுற்றும். உங்களுடையது யமஹாவா? அப்படியானால் கவனம்: பல மாடல்களில் வலப்பக்கம் மட்டும் ரிவர்ஸ் மரை. வழக்கமான திசையில் முறுக்கி மரையைத் தின்னவைத்தவர்கள் ஏராளம்.

தலை மட்டும் ஆடினால் பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. 40-ல் போகும்போது இருப்பதைவிட 80-ல் காற்றின் தள்ளல் நான்கு மடங்கு; தேய்ந்த மூட்டு எப்படித் தாங்கும்? சில கண்ணாடிகளில் மூட்டருகே சிறு ஸ்க்ரூ இருக்கும். கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாத வகை என்றால் மாற்றத்தான் வேண்டும். சைக்கிள் டியூப் துண்டைச் செருகுவதெல்லாம் ஊர் போய்ச் சேரும்வரைதான். நட்டுக்குப் போடும் த்ரெட் லாக் பசையை இந்த மூட்டில் விடாதீர்கள், பிளாஸ்டிக் விரிசல் விடும்.