அரிவாள்: கருவியா, ஆயுதமா?

 

ஆயுத பூஜை அன்னிக்கு அரிவாள், கத்தி, மண்வெட்டி எல்லாத்தையும் கழுவி சந்தனம், குங்குமம் வைக்கிறோம். "அண்ணா, வெட்டுற பொருளை எதுக்குக் கும்பிடணும்? அது ஆயுதம்தானே?"ன்னு ஒரு தம்பி என்கிட்ட கேட்டார். நல்ல கேள்வி.

முதல்ல அரிவாளோட உருவத்தைப் பாருங்க. கதிர் அறுக்கிற கருக்கரிவாளுக்கு ரம்பம் மாதிரி சின்னச் சின்னப் பல் இருக்கும். தாள் வழுக்காம அறுக்கத்தான் அது. திருச்செந்தூர், உடன்குடி பக்கம் பனை ஏறுறவங்க வைச்சிருக்கிற பாளை அரிவாள் வேற மாதிரி. பதநீருக்காகப் பாளையை தினமும் மெல்லிசா சீவணும். தடிமனா வெட்டினா பாளை சீக்கிரம் தீர்ந்துடும். அதனால நல்லா கூர் தீட்டி, அருவாப்பெட்டியில போட்டு, இடுப்புல கட்டிட்டு ஏறுவாங்க. செய்யுற வேலைதான் அந்த இரும்புக்கு உருவம் கொடுத்திருக்கு.

ஆனா அரிவாளால கொலை நடக்குறதும் உண்மை. 2021-ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குறவங்களோட பெயர், முகவரியை எழுதி வைக்கணும்னு பட்டறைக்காரர்களிடம் சொன்னது. வயலுக்கு அரிவாள் அடிச்சுக் கொடுத்த குடும்பங்கள், யாரோ செய்த குற்றத்துக்காகக் கணக்கு வைக்க வேண்டியதாச்சு.

சட்டம் என்ன சொல்லுது? 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்த பொருளை ஆயுதம்னு கணக்கில் எடுப்பதில்லை. தாக்குவதற்காகச் செய்ததோ, அப்படி மாற்றியதோ ஆயுதம்தான். களை வெட்டுற அரிவாளால ஒருத்தரைக் காயப்படுத்தினா, அங்கே அதுவும் ஆபத்தான ஆயுதம்தான்.

நம்ம வழக்கமும் இதைத்தான் சொல்லுதுன்னு நான் நினைக்கிறேன். ஆயுத பூஜையில ஏர், தறி, பேனா, லாரி எல்லாமே ஆயுதம்தான். பூஜையில வைச்ச கருவியை அன்னிக்கு யாரும் எடுத்து வேலை செய்ய மாட்டாங்க. நமக்குச் சோறு போடுற பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து, அதோட பலத்தை நினைச்சுப் பார்க்கிறோம். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனா கொடுத்த அரிவாளும் கோயில்லதான் நிக்கும். யார் மேலயும் ஓங்குறதுக்கு இல்ல. நம்ம முருகன் கை வேல்கூட சூரபத்மனைப் பிளந்து, மயிலும் சேவலுமா மாத்தி, தன்கூடவே வைச்சுக்கிச்சு.

அதனால ஒரு வேண்டுகோள். அரிவாளைத் தூக்கிக்கிட்டு ரீல்ஸ் போடுறது, பட்டாக்கத்தியால கேக் வெட்டுறது, இதெல்லாம் பக்தியும் இல்ல, வீரமும் இல்ல. அப்படி வீடியோ போட்ட பசங்க பலர் கைதாகியிருக்காங்க. நாளைக்கு அரசு வேலைக்குப் போகும்போது போலீஸ் சரிபார்ப்புல அந்த வழக்கு வந்து நிக்கும். பெத்தவங்க கோர்ட்டுக்கு அலையணும்.

தம்பிக்கு என் பதில் இதுதான்: வேலைக்காக அடிச்ச அரிவாள் கருவி. அதை ஆயுதமாக்குறது நம்ம கை. அந்தக் கையை முருகன் காக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏 படிச்சிட்டு நண்பர்களுக்கும் அனுப்புங்க.