சீனியை எடுத்தால் போதுமா?

கேள்வி: சீனி போடாமல் வீட்டில் பபிள் டீ செய்தால் மாவுச்சத்தைக் குறைப்பவர்கள் குடிக்கலாமா? முத்துக்குப் பதில் ஜவ்வரிசி போடலாமா?

பதில்: சீனியை நீக்குவது பாதி வேலைதான். 1980களில் தைவானில் பிறந்த இந்தப் பானத்தின் கறுப்பு முத்துகள் மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டியவை. நம் சேலத்து ஜவ்வரிசியும் அதே மாவுதான். காய்ந்த நிலையில் 100 கிராமில் ஏறக்குறைய 88 கிராம் மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் பேருக்குத்தான். ஆகவே, சீனிக்குப் பதில் ஸ்டீவியாவைக் கலந்துவிட்டு முத்தை அப்படியே போட்டால், சீனி போகும், மாவுச்சத்து போகாது. மாற்ற வேண்டியது முத்தை. 100 மில்லி கெட்டித் தேயிலைச் சாற்றில் 2 கிராம் அகர் அகர் தூளைக் கலந்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். சற்று ஆறியதும், உயரமான தம்ளரில் ஃப்ரிட்ஜில் குளிரவைத்த எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டால், அடிக்குப் போவதற்குள் உருண்டு இறுகும். (தேங்காயெண்ணெய் வேண்டாம், உறைந்துவிடும்.) வடிகட்டி, தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

மெல்லும்போது அந்த இழுவை வராதே என்பீர்கள். வராதுதான்; அது வெந்த மாவுக்கே உரிய குணம். அகர் பல்லில் பட்டதும் நறுக்கென்று உடையும். ஆனால் அது பெரும்பாலும் நார்ச்சத்து, சூடான தேநீரிலும் சட்டென்று கரையாது. அகர் முத்து செய்யப் பொறுமையில்லாதவர்கள் சப்ஜா விதையை ஊறப்போடலாம். பாலை மட்டும் அளந்து ஊற்றுங்கள்: 200 மில்லியில் சுமார் 10 கிராம் பால்சர்க்கரை இருக்கிறது.