வெண்கட்டி வட்டத்துள் நின்ற பிள்ளை

பிள்ளை ஒன்று, தாய்மார் இருவர், தீர்ப்புக் கூறுவோன் ஒருவன். இக்கதை பல நாடுகளில் வழங்குவது. சாலமோன் மன்னன் வாளைக் கொண்டுவரச் செய்தான். மகோசத பண்டிதர் நிலத்திற் கோடு கீறி இருவரையும் பிள்ளையை இழுக்கச் செய்தார் என்பது பௌத்த சாதகக் கதை. சீன நாடகாசிரியர் லீ சிங்தாவோ வெண்கட்டி வட்டம் அமைத்தார். இம்மூன்றிலும் பிள்ளைக்கு ஊறு நேராவண்ணம் விட்டுக்கொடுப்பவள் பெற்றவளே.

செர்மானியரான பேர்தோல்ட் பிறெக்ட், அமெரிக்காவில் அகதியாக வாழ்ந்த காலத்து, 1944ஆம் ஆண்டில் இக்கதையைத் தலைகீழாக்கினார். ஆளுநன் மனைவி, கலகத்துக்கு அஞ்சி ஓடுங்கால், ஆடைகளைத் தெரிவதில் முனைந்து பிள்ளையை மறக்கின்றாள். பணிப்பெண் குறூஷா அதனைச் சுமந்து, மலை கடந்து வளர்க்கின்றாள். சொத்துரிமை பிள்ளையோடு ஒட்டியிருத்தலின் பெற்றவள் வழக்காட வருகின்றாள். அஸ்டக் என்னும் கோணல் நீதிபதி வட்டம் கீறுவிக்கின்றான். இருமுறையும் கைவிடுபவள் வளர்த்தவள், பிள்ளை அவளுக்கே.

யசோதையையும் தேவகியையும் அறிந்த நமக்கு இது முற்றும் புதிதன்று. குந்தி தாயென வந்து நின்ற பின்னரும் கன்னன் இராதையின் மகனாகவே களம் புகுந்தான். எனினும் அங்கு வழக்கில்லை, தீர்ப்புமில்லை.

1954இல் பேர்லினில் பிறெக்ட் தாமே நெறிப்படுத்தியபொழுது அங்கெலிகா ஹுர்விட்ஸ் குறூஷாவாகவும் ஏர்ன்ஸ்ட் புஷ் அஸ்டக்காகவும் நடித்தனர். குறூஷா கண்ணீர் பெருக்கும் திருத்தாயாகத் தோன்றலாகாது, பிறூகல் ஓவியத்துப் பித்துக்கிரேத்தை ஒத்த முரட்டுப் பெண்ணாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. பின்வந்தோர் பலர் அவளைத் திருத்தாயாக்கினர். அஸ்டக்கையோ வெறுங் கோமாளியாக்கினர். இரண்டும் பிழையென்றே கொள்கின்றோம்.

நம் நாட்டில் 1967ஆம் ஆண்டு ஹென்றி ஜயசேன இதனைச் சிங்களத்தில் ‘ஹுணுவடயே கதாவ’ என மேடையேற்றினார். அஸ்டக் அவரே, குறூஷா, அவர் மனைவி மனெல் ஜயசேன. மகோசதர் தீர்ப்பைப் பன்சலையிற் கேட்டு வளர்ந்தோர்க்கு இம்மாற்றுத் தீர்ப்பு எத்தகைய அதிர்ச்சி தந்திருக்கும்! பாடகன் கதை கூறலும் புதுமையன்று. தோட்டத்துக் காமன் கூத்தைக் கண்டவர், பாட்டால் கதை நடத்தும் முறையை நன்கறிவர்.

நிற்க. இந்நாடகத்துக்கு முன்காட்சி ஒன்றுண்டு. ஆடு மேய்ப்போரும் பழமரம் வளர்ப்போரும் ஒரு பள்ளத்தாக்கு எவர்க்கு உரியது என்று வாதிடுவர். அதனை நன்கு பயன்படுத்த வல்லார்க்கே அது சேரும். மேலை நாடுகளிற் பல மேடைகள் இக்காட்சியை அரசியலெனத் தள்ளின. காட்சி போயின், நாடகம் தாய்ப்பாசக் கதையாகச் சுருங்கிவிடும்.

பிலிமத்தலாவையிலிருந்து படிக்கும் நமக்கு அக்காட்சியே உயிர். இக்கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிராகத் தொடங்கிற்று. அதை வளர்த்த கைகளுக்குரியோரிற் பெரும்பாலார் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையற்றோராயினர். அதே ஆண்டிலேதான் இந்நாடகம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதன்முதல் அரங்கேறிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. வட்டத்துள் நின்ற பிள்ளையை எவரும் கேளாதவாறே அவர்களையும் எவரும் கேட்டிலர். எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது; லயன் நிற்கும் நிலமோ பலர்க்கு இன்னும் உரித்தாகவில்லை.

நம் மாணவர் இதனை மேடையேற்ற விரும்பின், அம்முன்காட்சியை விடாது நடிப்பாராக. குறூஷாவின் முதுகிற் கொழுந்துக்கூடை மாட்ட வேண்டுவதில்லை. இங்குள்ள அவையோர் தாமே உணர்வர்.